வீட்டில் கூடி ஜெபிக்க யாரிடம் அனுமதி கேட்பது?

கேள்வி: கொழும்பு வடக்கில் ஒரு வாடகை வீட்டின் மேல்மாடியில் ஐந்து வருடமாகக் குடியிருக்கிறோம். ஞாயிறு காலையிலும் புதன் பின்னேரத்திலும் இருபது, இருபத்தைந்து பேர் கூடி ஜெபிப்போம். இரண்டு கிழமைக்கு முன்னர் பொலிஸார் இருவர் வந்து, "பதிவு இருக்கிறதா, அனுமதி இருக்கிறதா" என்று கேட்டார்கள். அயலவர்கள் முறைப்பாடு கொடுத்திருக்கிறார்களாம். மறுநாள் என் கணவரை நிலையத்துக்குக் கூப்பிட்டு, சிங்களத்தில் எழுதிய ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, கடிதத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்காரர் பயந்துபோயிருக்கிறார். எங்கள் போதகர், "சத்தியம் நம்மை விடுதலையாக்கும், கோட்டுக்குப் போகத் தேவையில்லை" என்கிறார். என் அண்ணாவோ, "பௌத்தத்துக்கு முதலிடம் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது, வழக்கு நிற்காது" என்கிறார். உண்மையில் எங்களுக்குச் சுதந்திரம் இருக்கிறதா?

பதில்: சகோதரி, சுதந்திரம் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் கலண்டரை எடுங்கள். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரு மாதம் மட்டுமே. பொலிஸார் வந்த நாளிலிருந்து இரண்டு கிழமை போய்விட்டது. அண்ணாவும் போதகரும் விவாதித்து முடிப்பதற்குள் மிச்சமும் போய்விடும். இந்த வகை வழக்குகள் நியாயம் இருந்தும் நாள் தப்பிப்போவதால் தோற்பதுண்டு.

நீங்கள் அனுப்பிய கடிதப் படத்தைப் பார்த்தேன். நான்கே வரி. "இவ்விடத்தில் எவ்வித மதக் கூட்டமும் இனி நடத்தமாட்டேன் என எனது சொந்த விருப்பின் பேரில் உறுதியளிக்கிறேன்" என்பது அதன் சாரம். இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். "எவ்வித" என்ற சொல்லுக்குள் உங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு நாலு பேர் சேர்ந்து சொல்லும் ஜெபமும் அடங்கும். "சொந்த விருப்பின் பேரில்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னர் நீதிமன்றத்தில் "பொலிஸார் தடுத்தார்கள்" என்று சொல்ல வாய் இராது. உங்கள் கணவர் கையெழுத்துப் போடாமல் வந்தது நல்ல காரியம். அப்படி மறுப்பது குற்றமல்ல.

மறுபடி கூப்பிட்டால் போகாமல் இருக்க வேண்டாம். போய், வாக்குமூலம் தரலாம். அது தமிழில் பதியப்பட வேண்டும் என்று கேளுங்கள். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழி. நிலையத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவர் இல்லை என்றால், உங்கள் கணவரே ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்து, முறைப்பாட்டுப் புத்தகத்தில் அதற்கு ஒரு என்ட்ரி போட்டு, இலக்கத்தைத் தரச் சொல்லலாம். தாளில் இவ்வளவு போதும்: இது எங்கள் வதிவிடம். கிழமையில் இரண்டு நாள், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இத்தனை பேர் கூடி ஜெபிக்கிறோம். ஒலிபெருக்கி இல்லை. இதை நிறுத்தும்படி எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறீர்கள் என்பதை எழுத்தில் அறியத் தாருங்கள். திகதி, கையொப்பம். பிரதியொன்றைப் பொறுப்பதிகாரியின் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வருவது அரிது. பதில் வராததும் உங்களுக்கு ஓர் ஆதாரம்.

இனி அண்ணாவின் வாதம். 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் கொடுக்கிறது, உண்மை. ஆனால் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. 10ஆம், 14(1)(உ) உறுப்புரைகள் தரும் உரிமைகளை எல்லா மதங்களுக்கும் காப்புறுதி செய்துகொண்டுதான் அதைச் செய்ய வேண்டும் என்று அதே மூச்சில் தொடர்கிறது. வாக்கியத்தின் முன்பாதியை மாத்திரம் மனப்பாடம் செய்த பலர் இருக்கிறார்கள், பொலிஸ் நிலையத்திலும் இருக்கிறார்கள், எங்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றின் சுதந்திரத்தை "ஆள் ஒவ்வொருவருக்கும்" தருகிறது. விரும்பிய மதத்தைப் புதிதாக மேற்கொள்ளும் உரிமையும் இதற்குள் இருக்கிறது. மற்ற உரிமைகளைக் கட்டுப்படுத்தும் 15ஆம் உறுப்புரை இதைத் தொடவில்லை. அவசரகாலத்திலும் இதற்கு விலக்கு எழுதப்படவில்லை. இதை மாற்ற வேண்டுமானால் 83ஆம் உறுப்புரையின்படி மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் வேண்டும். 9ஆம் உறுப்புரைக்குப் போட்ட அதே பூட்டுத்தான் 10ஆம் உறுப்புரைக்கும். அண்ணாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் பிரச்சினை 10இல் இல்லை. நீங்கள் என்ன நம்புகிறீர்கள் என்று பொலிஸார் கேட்கவில்லை, எங்கே கூடுகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். அது 14(1)(உ): தனியாகவோ பிறருடன் சேர்ந்தோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ, வழிபாட்டிலும் அனுட்டானத்திலும் சாதனையிலும் போதனையிலும் தன் மதத்தை வெளிக்காட்டும் சுதந்திரம். இது பிரசைகளுக்கு மட்டும். இதற்குக் கட்டுப்பாடும் உண்டு. 15(7)இன் கீழ் தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம், பிறருடைய உரிமைகள் போன்ற காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு "சட்டத்தினால்" விதிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் வழக்கு முழுவதும் இந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது.

ஏனென்றால், இப்படியான சந்தர்ப்பங்களில் பொலிஸார் பெரும்பாலும் காட்டுவது 2008 ஒக்டோபரில் மத விவகார அமைச்சு வெளியிட்ட ஒரு சுற்றுநிருபத்தை. புதிய வழிபாட்டுத் தலங்களை நிர்மாணிக்க முன் அனுமதி பெற வேண்டும் என்பது அதன் பொருள். இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, அது கட்டடம் கட்டுவதைப் பற்றியது, குடியிருக்கும் வீட்டில் ஜெபிப்பதைப் பற்றியதல்ல. இரண்டு, அரசியலமைப்பின் 170ஆம் உறுப்புரை "சட்டம்" என்றால் என்ன என்று வரையறுக்கிறது: பாராளுமன்றம் இயற்றியது, அதற்கு முந்திய சட்டவாக்க சபைகள் இயற்றியது. அமைச்சின் சுற்றுநிருபம் அதற்குள் வராது. சட்டமல்லாத ஒன்றைக் கொண்டு 14ஆம் உறுப்புரையை மட்டுப்படுத்த முடியாது என்பது நீதிமன்றத்தில் வைக்கக்கூடிய வலுவான வாதம்.

"பதிவு எங்கே" என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். விகாரைகளின் சொத்துக்கு 1931ஆம் ஆண்டின் பௌத்த விகாரை தேவாலகமச் சட்டம் இருக்கிறது. பள்ளிவாசல்களுக்கு 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் இருக்கிறது. கிறிஸ்தவக் குழுக்கள் கட்டாயம் பதிய வேண்டும் என்று ஒரு பொதுச் சட்டம் இல்லை. சில சபைகள் பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் கொண்டுவந்து கூட்டிணைக்கப்பட்டிருக்கின்றன. அது சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் வசதிக்காக. ஜெபிப்பதற்கு அது முன்நிபந்தனை அல்ல.

அந்தக் கூட்டிணைப்பு வழியில்தான் இங்குள்ள சுதந்திரத்தின் எல்லையும் தெரியவந்தது. மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்க 2003இல் சட்டமூலம் வந்தபோது, மதத்தைப் பரப்புவதற்கு அரசியலமைப்பில் அடிப்படை உரிமை இல்லை என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2005இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு அந்தச் சபைக்குச் சார்பாகக் கருத்துரைத்தது. ஆனாலும் உள்நாட்டில் அந்தத் தீர்மானம் அப்படியே நிற்கிறது. தமிழ்நாட்டு யூடியூப் சட்ட விளக்கங்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இடறும் இடம் இது. இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரையில் "பரப்புதல்" என்ற சொல் இருக்கிறது. எங்களுடையதில் இல்லை. (அந்தச் சொல் இருந்தும் பிறரை மதம் மாற்றும் உரிமை கிடையாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல் சொன்னது வேறு கதை.) ஆகவே வாக்குமூலத்திலும் மனுவிலும் "ஊழியம்", "சுவிசேஷம் அறிவித்தல்" என்ற சொற்களைத் தவிருங்கள். நீங்கள் செய்வது வழிபாடு, அதாவது உறுப்புரையில் உள்ள முதற்சொல். வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தவர் உங்கள் குழுவில் இருந்தால் அதைச் சட்டத்தரணியிடம் முதலிலேயே சொல்லுங்கள். எதிர்த்தரப்பு சொல்லி அவர் அறிவது நல்லதல்ல.

போதகருக்கு ஒரு வார்த்தை. விடுதலை என்பதை உள்ளத்தின் காரியமாக அவர் பார்ப்பதில் பிழையில்லை. ஆனால் கோட்டுக்குப் போவது அவிசுவாசம் என்றால் அப்போஸ்தலர் நடபடிகளை என்ன செய்வது? எருசலேமில் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது பவுல், விசாரணையில்லாமல் ஒரு ரோமப் பிரசையை அடிக்கலாமா என்று கேட்டார். அந்த உரிமையைப் பெரும் பணம் கொடுத்து வாங்கியதாகச் சேனாதிபதி சொன்னபோது, தான் அதற்குரியவனாகவே பிறந்தேன் என்றார். பிறகு செசரியாவில் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது மேன்முறையீடு செய்தார். 14ஆம் உறுப்புரையில் உள்ள "பிரசை" என்ற சொல்லின் பலமும் அதேதான். சொற்களில் ஒரு வேடிக்கை: பழைய தமிழ் வேதாகமத்தில் "சுதந்தரம்" என்றால் வாரிசாகக் கிடைக்கும் சொத்து, விடுபட்ட நிலைக்கு அது சொல்வது "சுயாதீனம்". எங்கள் வழக்கில் முதல் பொருள்தான் பொருந்துகிறது. வாரிசுச் சொத்து என்றாலும் உரிய நாளில் உரிய பத்திரத்தோடு கேட்காவிட்டால் கைவிட்டுப் போகும்.

கொழும்பில் இது எவ்வளவு பழைய விவகாரம் என்பதையும் ஒருகணம் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க வழிபாடு தடை. ஞானஸ்நானமும் திருமணமும் அவர்களுடைய சீர்திருத்த சபையின் தோம்பில், அதாவது பதிவேட்டில், பதிந்தால்தான் ஆளுக்குச் சட்டத்தில் ஒரு நிலை. 1687இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய யோசேப் வாஸ் முனிவர் பிச்சைக்காரர் வேடத்தில் வீடு வீடாகத்தான் பூசை வைத்தார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் தொடக்கத்தையும் அந்நாளில் ஒளிந்திருந்த ஒரு குருவோடு சேர்த்துத்தான் மக்கள் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் 1806இல் அந்தத் தடைகளை நீக்கினார்கள். வீட்டில் கூடுவதுதான் இந்த ஊரில் பல சபைகளின் முதல் வடிவம்.

ஆனால் பெரிய வாக்குறுதியை மாத்திரம் நம்பிப் போனால் என்ன நடக்கும் என்பதற்குக் கம்பளை ஊர்வல வழக்கு இருக்கிறது. 1815 கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் வாசகம் பௌத்த மதத்தையும் அதன் சடங்குகளையும் மீறப்படாதவை என்று சொன்னது. வல்லஹாகொட தேவாலயப் பெரஹர மேளத்தோடு பள்ளிவாசலைக் கடந்து போவதற்கு அனுமதி மறுக்கப்பட்டபோது, அந்த வாசகத்தை வைத்து 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார்கள். அடுத்த வருடம் உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது: பின்னர் வந்த பொலிஸ் சட்டங்களின் அனுமதி விதியே மேல். பௌத்தர்களுக்கே, அதுவும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும், ஒரு மேளத்துக்கான அனுமதியில் வழக்கு போனது. ஆகவே உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு "மேளம்" இருக்கிறதா என்று வீட்டைச் சுற்றிப் பாருங்கள்.

முதலாவது சத்தம். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் அனுமதி வேண்டும். 2007இல், வெலிகம பள்ளிவாசல் ஒன்றைப் பற்றிய வழக்கில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அது கோயில், பன்சலை, பள்ளி, சபை எல்லாவற்றுக்கும் பொது. ஆம்பிளிஃபையரோடு கீபோர்டும் டிரம்ஸும் இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். மேல்மாடி ஜன்னலை மூடி, வீதியில் நின்று கேட்டுப் பாருங்கள். அயலவரின் முறைப்பாட்டில் பாதி மதத்தைப் பற்றியதாக இராது, ஞாயிறு காலை நித்திரையைப் பற்றியதாக இருக்கும். அதை நீக்கிவிட்டால் பொலிஸாரின் பொது ஒழுங்குக் காரணம் மெலிந்துவிடும்.

இரண்டாவது பெயர்ப்பலகை. "சபை", "ஆலயம்" என்று வாசலில் எழுதினால், வீட்டை வழிபாட்டுத் தலமாக மாற்றிவிட்டீர்கள் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகும். வதிவிடக் கட்டடத்தின் பாவனையை மாற்றினால் மாநகர சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை அனுமதிகள் பற்றிய கேள்வி வரும், அது உண்மையான சட்டம். உட்சுவரை இடித்து மண்டபமாக்குவது, நிரந்தர மேடை போடுவது, கதிரைகளை எப்போதும் அடுக்கி வைப்பது எல்லாம் அந்தப் பக்கம்தான் இழுக்கும். வாகனங்களை ஒழுங்கையில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாடகை ஒப்பந்தம். "வதிவிடத் தேவைக்கு மாத்திரம்" என்ற வாசகம் அநேகமாக இருக்கும். வீட்டுக்காரருக்கு எதிராக அடிப்படை உரிமை வழக்குப் போட முடியாது. 126ஆம் உறுப்புரை நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு மட்டும்தான். அயலவருக்கும் அதே கதை. வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்காமல், விருந்தினர் வந்து ஜெபிப்பதை ஆட்சேபிக்கவில்லை என்று இரண்டு வரிக் கடிதம் வாங்க முடியுமா பாருங்கள். தரமாட்டார் என்றால், கொஞ்ச நாளைக்கு வேறு வீடுகளில் மாறி மாறிக் கூடுவது தோல்வியல்ல. ஆனால் பொலிஸார் சொன்னதால்தான் மாறுகிறோம் என்பதைத் திகதியோடு எழுதி வையுங்கள்.

இனி வரும் கிழமைகளின் வேலை. முதலில் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, தமிழில் கொடுக்கலாம், தொலைபேசி இலக்கம் 1996. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13(1) பிரிவின்படி, சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. இதை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. முறைப்பாடு கொடுத்தால் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்தது என்று காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பிற்பட்ட தீர்ப்புகளில் இறுக்கியிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டு இலக்கம், ஆணைக்குழு பொலிஸாரிடம் விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதம், விசாரணைக்கு அழைத்த திகதி எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வையுங்கள். முடிந்தால் அதைச் சாராமல் முதல் மாதத்துக்குள்ளேயே மனுவைத் தாக்கல் செய்வது பாதுகாப்பு.

மனுவுக்கு வேண்டியவை: நடந்ததைத் திகதி, நேரத்தோடு சொல்லும் கூற்று, வந்த உத்தியோகத்தர்களின் பெயர் அல்லது இலக்கம், கடிதத்தின் படமும் மொழிபெயர்ப்பும், பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, கூட்டத்துக்கு வரும் இரண்டு மூன்று பேரின் சத்தியக்கடதாசிகள். ஒரு சின்ன இடறல்: இந்து, பௌத்தர், முஸ்லிம் உறுதியுரை செய்வார், கிறிஸ்தவர் சத்தியம் செய்வார். டைப் செய்பவர் பழைய மாதிரியைப் பிரதி பண்ணும்போது மேலே "சத்தியம்", கீழே "உறுதியுரை" என்று கலந்துவிடுவார். அதனால் மாத்திரம் பத்திரம் செல்லாமல் போகாது. ஆனாலும் மனச்சாட்சிச் சுதந்திரம் பற்றிய வழக்கில் அந்த ஆட்சேபனைக்கு அரை நாளைக் கொடுக்க வேண்டாம், சமாதான நீதவானிடம் போகுமுன் வாசித்துப் பாருங்கள். மனுவை முதலில் ஆகக் குறைந்தது இரண்டு நீதியரசர்கள் பார்த்து, தொடர்வதற்கு அனுமதி கொடுப்பதா என்று முடிவெடுப்பார்கள். அந்தக் கட்டத்திலேயே கூட்டத்தைத் தடுக்காதிருக்க இடைக்கால நிவாரணமும் கேளுங்கள். பணவசதி இல்லையென்றால் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வசதியற்றவர் அனுப்பும் எழுத்துமூல முறைப்பாட்டையே மனுவாக ஏற்க 1990ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதி 44(7) இடம் தருகிறது.

தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலகத்துக்கும் அமைச்சுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு, வீட்டு ஜெபத்துக்கு அனுமதி கேட்கும் சட்ட ஏற்பாடு எது என்று கேட்பதும் நல்லது. பதிலுக்கு 14 வேலை நாட்கள் இருக்கின்றன. அந்தப் பதிலுக்காக மனுவைப் பிற்போடாதீர்கள். ஒரு மாதம் அதற்காகக் காத்திருக்காது.

பொலிஸார் வேறு வழியிலும் வரலாம். சமாதானக் குலைவு ஏற்படக்கூடும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் கீழ் நீதவானுக்கு அறிக்கை போட்டு, உங்களையும் அயலவரையும் ஒன்றாக நிறுத்துவார்கள். அங்கே "பிரச்சினையை முடிப்போம், மூடிவிடுங்கள்" என்ற பேச்சு வரும், களைப்பில் பலர் தலையசைத்துவிடுவார்கள். நிலையத்தில் போடாத கையெழுத்தை அங்கே வாயால் போட்டதாகிவிடும். சட்டத்தரணியில்லாமல் அன்று போக வேண்டாம். யாராவது கூட்டமாக வந்து ஜெபத்தைக் குழப்பினால், சட்டப்படி நடக்கும் மத ஒன்றுகூடலைக் குழப்புவது தண்டனைச் சட்டக்கோவையின் 291ஆம் பிரிவின் கீழ் குற்றம், ஒரு வருடம் வரை சிறை. 119க்கு அழைத்து, பின்னர் நிலையத்தில் என்ட்ரி போடுங்கள். வந்தவர்களோடு வாக்குவாதம் வேண்டாம், போனில் பதிவு செய்யுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் அடிக்குறிப்பில் அடுத்த மாதம் சென்னையிலிருந்து ஒரு போதகர் வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் பிரசை அல்ல, 14ஆம் உறுப்புரை அவரைக் காக்காது. சுற்றுலா விசாவில் வருபவரைப் பிரசங்கம் செய்ய வைத்தால் குடிவரவுச் சட்டப்படி அவருக்கும் சிக்கல், உங்கள் மனுவுக்கும் சிக்கல். வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.